கல் வைத்த ராகி

கதிர் கட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பண்ணையில் கேட்டார்கள். நான் சேர்ந்தபோது எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், விரல் மெல்லிசாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், போய் வேலையைப் பார் என்றார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. இப்போதும் நீளமான சொல் என்றால் நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் படிப்பேன். ஆகவே புத்தகத்தில் இருப்பது எதுவும் என்னிடம் கிடைக்காது. பை எப்படி மாட்டுவது, நூல் எப்படி முடிவது என்பதை உங்கள் மேஸ்திரி காட்டுவார். நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்வேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே குனியவில்லை.

ஜெர்மன்காரனோடு இரண்டாவது பெரிய சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது. இந்தச் சர்க்கார் ஆராய்ச்சிப் பண்ணை அப்போது நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கம்பு, சோளம், ராகி, கடலை எல்லாம் நம் ஊர் வெள்ளாமைதான். ஆனால் ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு தகடு, தகட்டில் ஓர் எண். அந்த எண்களுக்கு நடுவே ஒருநாள் குடையும் பூட்சுமாக ஒரு பெண் வந்து இறங்கினாள். சேலத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். பட்டணத்துச் சர்வகலாசாலையில் செடிகொடிப் படிப்பு படிக்கிறவள். மேல்பட்டம் வாங்க ஓர் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும், அதற்கு ராகியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் நர்சம்மா வீட்டில் தங்கினாள். பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் படிப்பு அம்மிணி என்றுதான் கூப்பிட்டோம்.

முதல் நாளே என் கூட்டாளி பாவாயி அவளைச் சீண்டினாள். பாவாயியும் நானும் ஒரே ஊர், ஒரே வேலை, களம் கூட்டுவதும் சேர்ந்துதான்.

"ராகிக்கு என்ன அம்மிணி படிப்பு? களி கிண்டறதுக்கும் பட்டம் குடுக்கறாங்களா?"

"குடுத்தா எனக்குக் கிடைக்காதுக்கா. நான் கிண்டினா கட்டி கட்டியா நிக்கும்."

"அப்ப மாப்ளை கிடைக்கறதும் கஷ்டந்தான்."

"எங்கப்பாவும் அதையேதான் சொல்றார்" என்று சொல்லிவிட்டு, பூட்சைக் கழற்றி வரப்பில் வைத்து வயலுக்குள் இறங்கினாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் தன் பண்ணையில் ஒரு பெண் கண்ணாடியும் நோட்டுமாகத் திரிவது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. மேட்டோரமாக ஒரு துண்டு நிலமும், கூட ஓர் ஆளாக என்னையும் கொடுத்தார்.

அவள் கேட்ட கேள்வி சின்னதுதான். நம் சீமையில் விளைகிற ராகிக்கு அடித்தண்டு பச்சை. அவள் ஒரு டப்பாவில் வேறு ஒரு ரகம் கொண்டுவந்திருந்தாள். அதற்கு அடித்தண்டு நாவல்பழத் தோல் மாதிரி ஊதா. இரண்டையும் கூட்டினால் பிள்ளைக்கு எந்த நிறம் இறங்கும், பேரனுக்கு எந்த நிறம் இறங்கும்? கேட்க எளிது. ஆனால் ராகிப் பூ கண்ணுக்கே தெரியாத பூ. பச்சைக் கதிரையும் ஊதாக் கதிரையும் பூக்கிற பருவத்தில் முகத்தோடு முகம் வைத்துக் கட்டி, மேலே பை மாட்டிவிட்டு, அப்புறம் வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கதிரில் ஒன்றிரண்டு மணி கூடினால் பெரிது. மற்றதெல்லாம் தாய் தன்னாலேயே பெற்றுக்கொண்டது. எது கூடினது, எது கூடாதது என்று விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சைத் தாயின் விதையை முளைக்கப்போட்டு, வெளிச்சம் காட்டி, எந்த நாற்றின் அடியில் ஊதா தெரிகிறதோ அதுதான் கூடினது.

முதல் வருஷம் கட்டிய கதிரெல்லாம் குலைநோயில் போயிற்று. இரண்டாம் வருஷம் மூன்றே கதிர் தப்பியது. சர்வகலாசாலை வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த முறை கலப்புச் செடி ஒன்றாவது காட்டாவிட்டால் படிப்பை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருந்ததாம். அவள் அப்பாவும் அதே கெடுவைச் சொல்லி, சேலத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். அவளுடைய படிப்பு முழுவதும் அந்த மூன்று கதிரில் இருந்தது. கசக்கி எடுத்தபோது ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். களத்தில் கதிர் அடித்து, தூற்றி, அளந்து, மூட்டை ஏறிய பிறகு தரையில் சிந்திக் கிடப்பது களம் கூட்டுகிறவளுக்கு. இது நம் பக்கத்தில் எந்தக் களத்திலும் உண்டு, சர்க்கார் பண்ணையிலும் மறுத்ததில்லை. கூட்டி எடுத்ததை ஓரமாக இலையிலோ கிழிசலிலோ குவித்து, மேலே ஒரு கல் வைப்போம். கல் இருந்தால் அது கூட்டினவள் பங்கு, வேறு ஆள் தொடக்கூடாது. யாரும் தொட்டதும் இல்லை.

அன்றைக்கு ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. அடுத்தது முளைப்பாரி. அதற்கு ஒரு வீட்டுக்கு ஒரு தவசம், அதாவது ஒரு தானியம், கொடுக்க வேண்டும். அந்த வருஷம் என் வீட்டுக்கு ராகி வந்தது. அளந்த தவசம் ஆத்தாளுக்கு ஆகாது, அளவு காணாத சிந்தல்தான் விசேஷம் என்பார்கள். என் வீட்டு அடுக்குப் பானையில் அளக்கவும் ராகி இல்லை, அளக்காமல் விடவும் இல்லை. பங்குனி போய்ச் சித்திரை பிறக்கிற காலம், எல்லார் பானையும் கவிழ்ந்துதான் கிடந்தது.

சாயங்காலம் களத்தைக் கூட்டிக்கொண்டே கிழக்கோரம் போனேன். ஒரு காகிதத்தின்மேல் கொஞ்சம் ராகி. நாலு மூலையிலும் நாலு கல். பாவாயி எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். காகிதத்தில் எழுத்து இருந்தது. பார்த்தேன். அன்று களத்தில் அடித்தது கம்பு, ராகி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஒரு பங்குக்கு ஒரு கல் வைப்போமே தவிர நாலு வைப்பதில்லை, அதுவும் தெரியும். இத்தனையும் தெரிந்தும், ஆத்தாளே கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், மணியை மடியில் கொட்டிக்கொண்டு காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

படிக்கத் தெரியாததால் வந்த தப்பு என்று பிற்பாடு பலர் எனக்காகப் பரிந்து பேசினார்கள். அந்தப் பரிவு எனக்கு வேண்டாம். பாவாயி அந்தப் பக்கம் இருபது அடி தள்ளித்தான் நின்றாள். "இது உன்றதா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கேட்க எழுத்து வேண்டாம், வாய் போதும். நான் கேட்கவில்லை. நீங்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள், தகட்டைப் படித்துவிடுவீர்கள். படித்துவிட்டோம் என்பதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள்.

அன்று மாலையே தவசம் எல்லாம் நனையப்போட்டு, விடியலில் பதினோரு சட்டியில் தூவி, முளை வீட்டுக் கதவைச் சாத்தினோம். விரதம் இருந்த பெண்களில் நானும் ஒருத்தி. அங்கிருந்து நேராகப் பண்ணைக்குப் போனால், களத்தின் கிழக்கோரம் படிப்பு அம்மிணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் அந்தக் காகிதம். முந்தின நாள் நான் கம்பு அடிக்கப் போயிருந்தபோது விதையைக் காயவைத்துவிட்டு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு கல் வைத்திருக்கிறாள். ஏதோ பாரத்தில் கையெழுத்து வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டு, பொழுது சாயும்வரை ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்.

மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டு, "காத்துல போயிருக்கும், இல்லாட்டி குருவி தின்னுருக்கும். அப்படியே நோட்டுல எழுதுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன். உங்க மேல குத்தம் வராது" என்றார்.

பாவாயி என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு நான் ராகி கொண்டுபோனது தெரியும். "வாய மூடிக்க. காத்து தின்னுருச்சுன்னு அவரே சொல்லீட்டாரு. ஆருக்கும் குத்தமில்லாம முடியுது."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் வேலை நிற்கும், ஊரில் மரியாதை நிற்கும், அந்தப் பெண்ணுக்கும் கடைசியில் ஒரு காரணம் கிடைக்கும். நான் அப்படி இருந்திருக்கக் கூடியவள் இல்லை என்று இப்போது பெருமை பேசலாம். நிஜத்தில், மேனேஜர் "காத்து" என்று இன்னொரு தடவை சொல்லும்வரை நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கூட்டுகிற களத்தில் ஒரு கைப்பிடி ராகி காணாமல் போகுமா, எனக்குத் தெரியாமல்?

"காத்து இல்லீங்க சாமி" என்றேன். "நாந்தானுங்க எடுத்தேன்."

நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் முகம் மாறிப்போயிற்று.

"இது திருட்டு. தெரியுமா உனக்கு?"

"திருட்டுன்னா ஏனுங்க நானா வந்து சொல்றேன்? தப்புங்க. தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"நாளையிலருந்து வேலைக்கு வராதே. நான் சொல்லி அனுப்புறவரைக்கும் வராதே."

படிப்பு அம்மிணி எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். "முளை போட்டாச்சா? எல்லாத்தையும்?" என்றாள்.

"ஆமாங்க அம்மிணி. பதினோரு சட்டியில."

"வேற யாரும் ராகி குடுக்கலையே?"

"இல்லீங்க. ஒரு ஊட்டுக்கு ஒரு தவசந்தான். இந்த வருஷம் ராகின்னா என்ற ஊட்டு ராகிதான்."

"அப்ப அது எங்கயும் போகலக்கா. மண்ணுலதான் இருக்கு" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வாங்க, யாரைக் கேக்கணும்?"

பாவாயி வழி முழுக்க ஒரு யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள். முளை வீட்டுக்குள் விரதக்காரிகள்தான் போக முடியும், விரதக்காரியான நான் தண்ணீர் தெளிக்கப் போகிற சாக்கில் கிண்டி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாள். மாட்டேன் என்றேன். ஒருமுறை கேட்காமல் எடுத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இரண்டாம் முறையும் கேட்காமல் எடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். ஊர்ப் பெரியவரை எங்கள் பக்கம் கொத்துக்காரர் என்போம். அவர் கோயில் மரத்தடியில் பூசாரியோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே போய் நின்றோம்.

"கம்பம் நட்டாச்சு. முளை போட்டாச்சு. இப்ப வந்து ஆத்தாளுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறயா செல்லாயி?" என்றார் கொத்துக்காரர்.

"என்றதைக் குடுத்திருந்தா நான் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க. அது என்றது இல்லீங்களே."

"எப்படியோ வந்து சேந்துருச்சு. வேதக்காரப் புள்ள வெச்ச வெதையையும் ஆத்தா வாங்கிக்கிட்டா. அந்தப் புள்ளைக்கு அது பாக்கியந்தான்."

"அவியளைக் கேட்டு வாங்கலீங்க. பூச்சாட்டு அன்னைக்கு நீங்கதானுங்க சொன்னீங்க, ஊடு ஊடாப் போயிக் கேட்டு வாங்கோணும், கேக்காத தவசம் முளைக்கு ஆகாதுன்னு."

பூசாரி தொண்டையைக் கனைத்தார். கொத்துக்காரர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பண்ணையில மேனேஜரு திருட்டுன்னே சொல்லீட்டாருங்க" என்றேன். "அது அப்படியே சட்டியில இருந்தா, செல்லாயி களவாண்டு குடுத்ததை ஆத்தா வாங்கிக்கிட்டான்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க. என்னைப் பேசட்டுங்க. ஆத்தாளைப் பேச உடலாமுங்களா?"

படிப்பு அம்மிணி நடுவில் வாய் திறக்கவே இல்லை. அது அவளுடைய கெட்டிக்காரத்தனம். கடைசியில் கொத்துக்காரர் தீர்ப்புச் சொன்னார். சாத்திய கதவு, தண்ணீர் தெளிக்கத் தவிர, ஒன்பது நாளுக்குத் திறக்காது. ஒன்பதாம் நாள் சட்டியை ஏரியில் விடுவதற்கு முன்னால் கரையில் வைத்து ராகியைப் பறித்துக்கொள்ளலாம். கொட்டு நிற்காது, யாரும் காத்திருக்க மாட்டார்கள். செல்லாயி முளை வீட்டுக்குள் இனிக் கால் வைக்கக்கூடாது. இந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும் முளைப்பாரி எடுக்கக்கூடாது.

"எடுக்கலீங்க" என்றேன். இன்றுவரை எடுக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அவர்களே வந்து கூப்பிட்டார்கள். அப்போதும் போகவில்லை.

அந்த ஒன்பது நாளும் வேலை இல்லை, முளை வீடு இல்லை. பாவாயிதான் விரதம் எடுத்துக்கொண்டு உள்ளே போய் வந்தாள். "கம்பு மேல வந்துருச்சு, தட்டைப்பயறு அமுக்குது, ராகி அடியில நூலாட்டம் கெடக்குது. தண்ணியை ஓரமா உட்டேன்" என்று தினமும் வந்து சொல்வாள். வாயை மூடு என்றவள்தான். படிப்பு அம்மிணி அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் ஏரிக்கரையில் ஈரச் சாக்கும் நாலு முறமும் வைத்துக்கொண்டு நின்றோம். கொட்டு வந்தது, பின்னால் பதினோரு பெண்கள். சட்டிகளை நடுவில் இறக்கி, சுற்றிக் கும்மி அடித்துவிட்டு, எடுத்துத் தண்ணீரில் விடுவது வழக்கம். மூன்று சுற்றுத்தான். கும்மி தொடங்கியதும் நாங்கள் மூன்று பேரும் சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டோம். ராகி நாற்று எது, கம்பு நாற்று எது என்று இருட்டில் வளர்ந்த பயிரில் பிரிக்கும்படி உங்களிடம் ஒருநாள் சொல்ல வேண்டும். எல்லாமே வெளுத்த மஞ்சள். இழுத்தால் அறுந்துவிடும். விரலை மண்ணுக்குள் விட்டு வேரோடு நெம்ப வேண்டும்.

மூன்றாம் சுற்று முடிந்தபோது நாலு சட்டிதான் ஆகியிருந்தது. கொட்டுக்காரர் நிறுத்தப் போனார். கும்மியில் முன்னால் நின்ற பெண் ஒருத்தி, என்னை ஏறிட்டும் பார்க்காமல், "இன்னொரு சுத்து அடிக்கலாமுங்க. ஆத்தாளுக்கு இன்னும் மனசு குளுரலை" என்றாள். அடித்தார்கள். அது முடிந்ததும் பின்னால் இருந்து ஒருத்தி, "என்ற பாட்டு இன்னும் பாடலையே" என்றாள். அவளுக்கு எந்தப் பாட்டும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததைப் பாடினாள், அதுவும் ஒரு சுற்று ஆயிற்று. இப்படிப் பத்துச் சட்டி முடிந்தது. பதினொன்றாவது கொத்துக்காரர் மருமகளுடையது. அவள் காத்திருக்க மாட்டேன் என்று தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டாள்.

படிப்பு அம்மிணி பின்னாலேயே தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு, அப்புறம் நெஞ்சளவு. மிதக்கிற மஞ்சள் நூல்களைச் சேலைத் தலைப்பில் ஏந்தி ஏந்தி எடுத்தாள். கொத்துக்காரர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாற்றைப் பண்ணைக்குக் கொண்டுவந்ததும் எங்களுக்குள் சண்டை. அவளுக்கு வெயிலில் நட வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் நிறம் தெரியும், நிறம் தெரிந்தால்தான் வாத்தியாருக்கு எழுத முடியும், கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

"ஒம்பது நாள் இருட்டுல இருந்தது அம்மிணி. இன்னைக்கு வெயில்ல வெச்சா, நாளைக்கு நெறம் பாக்க ஒண்ணும் இருக்காது."

"புத்தகத்துல அப்படி இல்லக்கா."

"புத்தகக்காரரு முளைப்பாரிச் சட்டியில நாத்து உட்டாருங்களா?"

பனையோலை வெட்டக் கத்தி கேட்டாள். ஓலைப் பந்தல் போட்டு, முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓலையை எடுத்தோம். நான் இன்னும் வேலையில் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள், "அங்க நின்னு கத்தறதுக்கு உள்ளாற வந்தே செய்" என்றார். அவர் சொல்லியனுப்பியது அப்படித்தான்.

பாதி நாற்று செத்தது. மீதி பச்சை கட்டியது. ஒரு வாரம் வரை எல்லாமே பச்சை. எட்டாம் நாள் ஒன்றின் அடியில் லேசாக ஊதா. பிறகு இன்னொன்று. மொத்தம் நாலு தேறியது. ஒன்றைப் புழு வெட்டிவிட்டது, மூன்று நின்றது.

அவள் வாத்தியாருக்கு நடந்தது நடந்தபடி எழுதினாள். முளைச் சட்டி, ஏரி, ஒன்றையும் விடவில்லை. அதை விட்டுவிடும்படி மேனேஜர்கூடச் சொன்னார். நாற்றங்காலில் விட்டதாக எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். அவள் கேட்கவில்லை. பதில் வந்தது, எனக்குப் படித்துக் காட்டினாள். கட்டியிருந்த இரண்டு கதிரில் ஊதாக் கதிரின் மணி ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அதுதான் முளைத்திருக்கிறது. கோயில் சட்டியில் கிடைத்த செடியைச் சாட்சியாக ஏற்க முடியாது.

"அவர் கேக்கறதுல தப்பில்லக்கா" என்றாள். "அப்பனோட மணியா, கூடின மணியான்னு நானும் நீங்களும் சொல்லி ஆகாது. செடிகிட்டதான் கேக்கணும்."

வழி ஒன்றுதான். மூன்று செடியின் விதையையும் தனித்தனியாக விதைக்க வேண்டும். அப்பனான ஊதாவின் மணியாக இருந்தால் பிள்ளைகள் அத்தனையும் ஊதாவாகவே இருக்கும். கூடின மணியாக இருந்தால் ஊதாவுக்கு நடுவே பச்சை தலைகாட்டும். அதற்கு இன்னொரு போகம் வேண்டும். வாத்தியாரிடம் கெஞ்சி அந்தப் போகத்தை வாங்கினாள். அப்பாவிடம் கெஞ்சவில்லை. வரமாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

ஆவணியில் விதைத்தோம். மூன்று செடிக்கு மூன்று வரிசை. இருபது நாள் ஆகும்வரை இலையை விரித்து யாரும் பார்க்கக்கூடாது, இளம் நாற்று நொடிந்துவிடும் என்று சொல்லி, தானும் பார்க்கவில்லை, என்னையும் விடவில்லை. இருபத்தோராம் நாள் காலை நான் குனிந்து ஒவ்வொரு நாற்றாக இலையை விலக்கி நிறத்தைச் சொல்ல, அவள் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டாள். மேனேஜர் ஒரு வேலையும் இல்லாதது மாதிரி அந்தப் பக்கம் வந்து குடையோடு நின்றார்.

"ஊதா" என்றேன். "ஊதா. ஊதா. ஊதா."

முதல் வரிசையில் பாதி தாண்டிவிட்டேன். ஒரு பச்சைகூட இல்லை. அவள் தலை நோட்டிலேயே கவிழ்ந்திருந்தது. நான் சொல்வதுதான் அந்த நோட்டில் ஏறும். நடுவில் ஒன்றைப் பச்சை என்றால் அவளும் கோட்டை மாற்றிப் போட்டிருப்பாள். அந்த நேரத்தில் அது என் மனசில் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வாயில் வந்தது ஊதாதான். வரிசை முடியும்வரை ஊதா.

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"பாத்துட்டேன் அம்மிணி. எல்லாமே ஊதாதான்."

"சரி" என்றாள். அந்த வரிசை அப்பனோடது. வாத்தியார் சொன்னது அந்த மட்டும் நிஜம். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார், பாவாயி அவரைப் பார்த்த பார்வையில் சொல்லாமல் விட்டார்.

இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தேன். முதல் நாற்று, ஊதா. இரண்டாவது, ஊதா. மூன்றாவதன் இலையை விலக்கினேன். விரலை எச்சில் தொட்டு, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தேன். இன்னொரு முறை துடைத்தேன்.

"பச்சை" என்றேன்.

அவள் எழுதவில்லை. தலையை மட்டும் தூக்கினாள்.

"மறுபடியும் சொல்லுங்கக்கா."

"பச்சை அம்மிணி" என்றேன், மேனேஜர் காதிலும் விழட்டும் என்று. "கோட்டைப் போடுங்க. அடுத்ததைப் பாக்கோணும்."